மழைக்கணக்கும் கணினியும்

கோவில்பட்டியைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் நிலம். அங்கு வற்றாத ஆறு பாய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே உழவர் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் விளைவிக்கின்றனர். பெய்த நீரைக் கரிசல் மண் தன்னுள் தேக்கிவைத்துப் பயிரைக் காக்கின்றது. மழை முந்தினும் பிந்தினும் விளைச்சல் வேறுபடும். ஆதலின், மழையளவைக் குறித்துவைத்தல் அந்நிலத்தில் இன்றியமையாத பணியாகும். 1901ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் தோன்றிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மானாவாரிப் பயிர்களை ஆராய்ந்து வருகின்றது.

மழைமானியில் சேர்ந்த நீரை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுதல் நம் நாட்டு வழக்கம். 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பெய்த நாளே 'மழை நாள்' எனப்படும். நாளுக்கு ஒரு வரியாக எழுதினால், ஐம்பது ஆண்டுக் கணக்கு 18,000 வரிகளுக்கு மேற்படும். இவற்றை மனிதர் கூட்டிப் பார்த்தல் நெடும்பணி; கணினியோ நொடிப்பொழுதில் முடித்துவிடும். அதற்கு நாம் வரிசையாக எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுப்பே 'ஷெல் நிரல்' ஆகும். இவ்வகைப் பணிகளுக்கு உதவும் 'ஆக்' என்னும் மொழியை 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்னும் மூவர் இயற்றினர். அவர்தம் பெயர்களின் முதலெழுத்துக்களே அம்மொழிக்குப் பெயராயின.

கணினி விரைந்து படிக்கும். ஆனால் பொருளறிந்து படிக்காது. செய்திகளைப் பிரிப்பது எது, வெற்றிடத்தை எவ்வாறு கொள்வது, வரி எங்கே முடிகின்றது என்னும் மூன்றையும் அதற்கு நாமே உணர்த்துதல் வேண்டும்.

முதலாவது, செய்திகளைப் பிரித்தல். நாம் வேறு கூறாவிடின், ஷெல்லும் ஆக்கும் சொற்களுக்கு இடையேயுள்ள இடைவெளியையே எல்லையாகக் கொள்ளும். 'எட்டயபுரம் 12.4' என்னும் வரியில் இரண்டாம் செய்தி மழையளவு. அருகிலுள்ள ஊரை எண்ணிக் 'கீழ ஈரால் 12.4' என்று எழுதினாலோ, இரண்டாம் செய்தி 'ஈரால்' என்றாகிவிடும். அஃது எண் அன்று. ஆதலின் கூட்டும்பொழுது ஆக் அதனைச் சுழி எனக் கொள்ளும். அவ்வூரின் மழை கணக்கில் சேராது. செய்திகளுக்கு இடையே காற்புள்ளி இட்டு, 'காற்புள்ளியே எல்லை' என நிரலில் கூறின் இவ்விடர் நீங்கும்.

இரண்டாவது, வெற்றிடம். ஊர், மழை, வெப்பம் என மூன்று செய்திகள் உள்ள வரியில், மழையை அளவாத நாளின் இடம் வெறுமையாக விடப்பட்டது எனக் கொள்வோம். இடைவெளியே எல்லையாயின், அடுத்தடுத்த இடைவெளிகள் ஒன்றாகவே கருதப்படும். 33 பாகை வெப்பம் மழையின் இடத்திற்கு நகர்ந்து, 33 மில்லிமீட்டர் மழையாகிவிடும்! காற்புள்ளி இட்டால் வெற்றிடம் தன் இடத்திலேயே நிற்கும். எனினும், கூட்டும்பொழுது ஆக் அதனையும் சுழியாகவே கொள்ளும். மழை பெய்யாத நாள் வேறு. மழையை அளவாத நாள் வேறு அன்றோ? ஆகவே, வெறுமையான வரிகளைத் தனியே எண்ணுமாறு கட்டளையிடல் வேண்டும்.

மூன்றாவது, வரியின் முடிவு. ஷெல் நிரல் ஒவ்வொரு வரியாகப் படித்துச் செல்லும்பொழுது, இறுதி வரியின் பின் வரிமுடிவுக் குறி இல்லையேல், அவ்வரியைக் கணக்கில் கொள்ளாமலே நின்றுவிடுதல் உண்டு. அவ்வாறாயின் திசம்பர் 31ஆம் நாளின் மழை விடுபட்டுப்போகும். 'எஞ்சியது ஏதேனும் உளதாயின் அதனையும் கொள்க' எனக் கட்டளையில் சேர்த்தல் தக்கது.

இப்பிழைகளுக்குப் பெரும்பாலும் கணினி எச்சரிக்கை தருவதில்லை; தவறான தொகையையும் அது தயங்காமல் எழுதிக்காட்டும். வறட்சியை அறிவதற்கும் பயிர்க் காப்பீட்டிற்கும் மழையளவு சான்றாகின்றது. தொகை பிழைபட்டால் துன்புறுபவர் உழவரே. ஆதலின், முழுக் கணக்கையும் கணினியிடம் ஒப்படைக்குமுன் பத்து வரிகளை எடுத்துக் கையால் கூட்டி, அதன் விடையோடு ஒப்பிடுக. படித்த வரிகளின் எண்ணிக்கையையும் சரிபார்க்க. விரைவு கணினியின் இயல்பு. கருத்தூன்றிப் படிப்பிக்கும் பொறுப்பு மனிதனுடையது.