இரண்டு ஆறு, ஒரு மேடு: தார்ன் – ஜோன்த் சைக்கிள் சுற்றுக்கு முழுமையான வழிகாட்டி

தென் பிரான்சில், மியோ நகருக்கு வடகிழக்கே, தார்ன், ஜோன்த் என்ற இரண்டு ஆறுகள் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. இரண்டும் கலக்கும் இடம் லெ ரோசியே என்ற சிற்றூர். அங்கிருந்து புறப்பட்டு, தார்ன் கரையோடு சென்த் எனிமி என்ற பழைய ஊர்வரை போய், நடுவிலிருக்கும் கோஸ் மெஜான் மேட்டைத் தாண்டி, ஜோன்த் வழியே திரும்பினால் ஏறக்குறைய 85 கிலோமீட்டர்.

படங்களில் தெரியும் செங்குத்துப் பாறைகளைப் பார்த்தே பலர் பயந்துவிடுகிறார்கள். பயம் தப்பான இடத்தில் இருக்கிறது. பாறைகள் உயரமே தவிர, சாலை ஆற்றோடுதான் போகிறது. சென்த் எனிமி வரையிலான சுமார் 35 கிலோமீட்டரில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள உயர வித்தியாசம் 100 மீட்டர் அளவுதான். உண்மையான ஏற்றம் இரண்டு ஆறுகளுக்கும் நடுவே காத்திருக்கிறது. அதற்காகக் கால் பலத்தைச் சேமித்து வைப்பதுதான் இந்தப் பயணத்தின் சூட்சுமம்.

முதலில்: மாதமும் மூட்டையும்

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் குறுகிய சாலை முழுக்கச் சுற்றுலா வண்டிகள்; வேறு வழியில்லையென்றால் விடியும்போதே கிளம்பிவிடுங்கள்.

எந்த கியர் சைக்கிளும் போதும், ஏற்றத்துக்கு மிக இலகுவான கியர் இருந்தால். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம் வேண்டும். வழியில் பாறையைக் குடைந்த சுரங்கப் பாதைகள் உண்டு, வெயிலில் இருந்து சட்டென்று உள்ளே நுழையும்போது கண் தெரியாது. இரண்டு பாட்டில் தண்ணீர், மாற்று டியூப், பம்ப், இறக்கத்துக்கு ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை. இவ்வளவுதான்.

காலை: தார்ன் கரையில்

லெ ரோசியேயில் பாலத்தைத் தாண்டி வலப்பக்கம் திரும்புங்கள். பிரான்சில் வண்டிகள் சாலையின் வலப்புறம் போகும். இந்தத் திசையில் ஆறும் வலப்புறம்தான். ஆகவே உங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே குட்டைச் சுவர் மட்டுமே. நான் இந்தத் திசையைச் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

லே வீஞ் ஊரைத் தாண்டியதும் பா த சூசி. மலையிலிருந்து சரிந்த பெரும் பாறைகளுக்கு அடியில் ஆறு புகுந்து மறைகிறது. துறவியான எனிமி விரட்டி வந்த சாத்தானை நசுக்கத்தான் பாறைகள் உருண்டனவாம். அடுத்து லா மலேன். இங்கே தட்டையான படகுகளைக் கோல் ஊன்றி ஓட்டும் படகோட்டிகள் உண்டு. ஆறு மிகவும் நெருக்கப்படும் இடத்தைச் சாலையிலிருந்து முழுதாகப் பார்க்க முடியாது, படகில்தான் பார்க்கலாம். முழுச் சுற்று போகிறவர்களுக்கு அதற்கு நேரம் இராது.

நண்பகல்: சென்த் எனிமி

தொழுநோய் கண்ட எனிமி என்ற பிராங்கிய இளவரசி இங்குள்ள புர்ல் ஊற்றில் குளித்துக் குணமடைந்தாள், ஊரைவிட்டுப் போக முயன்றபோதெல்லாம் நோய் திரும்பியது, அதனால் இங்கேயே தங்கி மடம் அமைத்தாள் என்பது ஊரின் தலபுராணம். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு, கூழாங்கல் பாவிய சந்துகளில் நடந்து போங்கள். படியும் மேடுமாக இருக்கும். ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. பிரான்சில் சிற்றூர் உணவகங்கள் பொதுவாக 12 முதல் 2 மணி வரைதான் மதிய உணவு தரும். இரண்டரைக்குப் போய் நின்றால் காபி கிடைக்கலாம், சோறு கிடைக்காது. வயிறு நிறையவும் சாப்பிடாதீர்கள், அடுத்தது ஏற்றம். பாட்டில்களை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பிற்பகல்: மேட்டில் ஏறுதல்

ஆற்றைக் கடந்து டி 986 சாலையைப் பிடியுங்கள். 480 மீட்டர் உயரத்திலிருந்து 907 மீட்டரில் இருக்கும் கோபர்லாக் கணவாய்வரை வளைந்து வளைந்து ஏறுகிறது. தொடக்கத்திலேயே மிக இலகுவான கியருக்கு வந்துவிடுங்கள். பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கினால் வளைவில் நின்று கீழே பாருங்கள். நிற்பதற்குச் சாக்கு அங்கே தாராளமாக உண்டு.

மேலே போனதும் வேறு உலகம். மரமும் நிழலும் குறைவு, ஓடையே இல்லை. சுண்ணாம்புக்கல் மழைநீரை அப்படியே உறிஞ்சிவிடும். அந்த நீர்தான் கீழே மலையிடுக்கில் ஊற்றாக வெளிப்படுகிறது. மேலே தண்ணீர் தேடி அலையாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம். புல்வெளியும் ஆடுகளுமான இந்த மேய்ச்சல் நிலத்தை 2011இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. சாலையைவிட்டுச் சற்று விலகினால் அவென் அர்மான் குகை. லூயி அர்மான் என்ற கொல்லர் 1897இல் கண்டுபிடித்தது. வியர்த்த உடம்போடு உள்ளே போனால் குளிர் பிடித்துக்கொள்ளும், சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள்.

மாலை: ஜோன்த் வழியே இறக்கம்

மேருவேஸ் ஊருக்கு இறங்கும் வழியில் பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடிக்காதீர்கள். விட்டு விட்டுப் பிடியுங்கள். ஊரில் ஒரு காபி. அங்கிருந்து லெ ரோசியேவரை டி 996 சாலையில் 21 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். காலையைப் போலன்றி இப்போது நீங்கள் பாறைப் பக்கம் ஓட்டுவீர்கள். உதிர்ந்த சரளைக்கற்களைக் கவனியுங்கள்.

தலைக்கு மேலே பாறு கழுகுகள் வட்டமிடும். இந்தப் பகுதியில் அற்றுப்போன இனத்தை 1981 முதல் திரும்ப விட்டு வளர்த்திருக்கிறார்கள். வெயிலில் சூடான காற்று மேலெழும்போது சிறகடிக்காமலேயே மிதக்கும். பார்க்க வேண்டுமென்றால் சைக்கிளை ஓரங்கட்டி நின்று பாருங்கள். ஓட்டிக்கொண்டே அண்ணாந்து பார்க்கிற சாலை இதுவல்ல.

ஏற்றம் வேண்டாமென்றால்

லா மலேன்வரை போய் அதே வழியில் திரும்புங்கள், போக வர 46 கிலோமீட்டர் வரும். முதல்முறை போகிறவர்களில் பாதிப் பேருக்கு இதையே சிபாரிசு செய்வேன். மிச்சமாகும் நேரத்தில் படகில் போகலாம். இறக்கிவிடும் இடத்திலிருந்து வண்டியில் லா மலேனுக்கே கொண்டுவந்து விடுவார்கள், சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போனால் போதும்.