விழுங்கியது காசா, பேட்டரியா? தாமதமின்றிக் கண்டறிவது எப்படி

மாலை நேரம். டிவி ரிமோட்டின் பின்மூடி கழன்று கிடக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை எச்சில் வடிய அழுகிறது. பால் கொடுத்தால் துப்புகிறது. "காசைத்தான் முழுங்கியிருப்பான். வாழைப்பழம் கொடு, காலையில் வெளியே வந்துவிடும்" என்கிறார் நன்னி. காசாக இருந்து, அது வயிற்றுக்குள் இறங்கியும் இருந்தால் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும். பேட்டரியாக இருந்தால் காலை வரை காத்திருக்க நேரமில்லை. எது என்று வீட்டில் இருந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது, எக்ஸ்ரேதான் சொல்லும்.

பட்டன் பேட்டரி ஏன் ஆபத்து?

ரிமோட், எடை பார்க்கும் மெஷின், விளக்கு எரியும் பொம்மை ஆகியவற்றில் இருக்கும் 20 மி.மீ. லித்தியம் பேட்டரி ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசின் அகலம். அது குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், ஈரமான சதை வழியே மின்சாரம் ஓடுகிறது. மைனஸ் பக்கத்தில், சாக்கடை அடைப்பு நீக்கும் பவுடரில் இருப்பது போன்ற காரப்பொருள் உண்டாகிறது. 2 மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்துவிடலாம். ரிமோட்டுக்குப் போதாத "தீர்ந்துபோன" பேட்டரிக்கும் இந்தச் சக்தி உண்டு. அமெரிக்காவில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இப்படி இறந்த பிறகு, 2022-ல் பேட்டரி மூடிகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள்.

மருத்துவர் எப்படிக் கண்டறிகிறார்?

1. முதலில் கேள்விகள்: என்ன பொருள், எத்தனை, எத்தனை மணிக்கு? அதே போன்ற இன்னொரு பேட்டரியோ அதன் அட்டையோ இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். திட்டுவார்கள் என்று எதையும் மறைக்க வேண்டாம்.

2. கழுத்து, நெஞ்சு, வயிறு மூன்றும் தெரிய எக்ஸ்ரே. காசு ஒரே வட்டமாகத் தெரியும். பேட்டரியின் ஓரத்தில் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் படி போன்ற விளிம்பு இருக்கும். அதனால்தான் இரண்டு கோணத்தில் எடுக்கிறார்கள்.

3. எக்ஸ்ரேயில் எல்லாம் தெரிந்துவிடாது. மீன் முள், பிளாஸ்டிக், மரக்குச்சி, மாத்திரை அட்டையின் துண்டு ஆகியவை பல நேரம் தெரிவதில்லை. "படத்தில் ஒன்றுமில்லை" என்ற பிறகும் வலி தொடர்ந்தால் சி.டி. ஸ்கேன் அல்லது எண்டோஸ்கோப்பி தேவைப்படும்.

4. குடலோ உணவுக்குழாயோ கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். காய்ச்சல், நெஞ்சுவலி, கல் போல இறுகிய வயிறு, கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவென்ற உணர்வு ஆகியவை அதன் அறிகுறிகள்.

விழுங்கிய பொருள்களில் பத்தில் எட்டு, ஒன்பது தானாகவே வெளியேறிவிடும். உணவுக்குழாயில் நிற்கும் காசை 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். பேட்டரி என்றால் உடனே. எடுத்த பிறகும் சில வாரங்கள் கவனம் தேவை. ரத்த வாந்தி, கறுப்பு மலம் கண்டால் மீண்டும் ஓடுங்கள்.

நம் வீட்டுப் பெண்கள் கவனத்துக்கு

ஹிஜாப் கட்டும்போது ஊசியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பேசினாலோ சிரித்தாலோ அது உள்ளே போய்விடும். துருக்கி, எகிப்து மருத்துவர்கள் இப்படி வந்த பல இளம்பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பல ஊசிகள் மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தன. ஊசிக்குப் பதில் காந்தப் பின் வாங்கியிருந்தால் அதையும் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.

வயதானவர்களுக்கு மாத்திரையை அட்டையோடு வெட்டிக் கொடுக்காதீர்கள். பிரித்தே கொடுங்கள்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

• வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடாதீர்கள். சோற்று உருண்டையும் வாழைப்பழமும் வேண்டாம்.

• பேட்டரி என்ற சந்தேகம் இருந்து, 12 மணி நேரம் தாண்டாமல், குழந்தை ஒரு வயதுக்கு மேற்பட்டு, விழுங்கவும் முடிந்தால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வேறு எதுவும் கொடுக்காதீர்கள்.

• மூச்சுத்திணறல், விடாத இருமல் இருந்தால் பொருள் மூச்சுக்குழாயில் இருக்கலாம். 2024-ல் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையில் ஐந்து வயதுச் சிறுவனின் மூச்சுக்குழாயிலிருந்து சிறு எல்.இ.டி. பல்பை எடுத்தார்கள்.

• 108-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும், பெரியவர்களுக்குக் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளும் உள்ளன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலிருந்து மாலை நெரிசலில் அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த 2 மணி நேரக் கணக்கில் பயணமும் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்று இரவே வீட்டிலுள்ள ரிமோட்டுகளை எடுத்துப் பாருங்கள். மூடி தளர்ந்திருந்தால் டேப் ஒட்டுங்கள். பழைய பேட்டரிகளை டேப்பில் சுற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.