பச்சை முள்ளும் முரல் மீனும்

சென்ற நோன்பு விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு சட்டி மீனாணம் குப்பைக்குப் போனது. வாப்பா வாங்கி வந்த மெலிந்த வெள்ளி நிற மீன்களை முரல் என்றே உம்மா சமைத்திருந்தார். நோன்பு திறந்து சோற்றில் அமர்ந்த மூத்தம்மா முதல் துண்டைப் பிட்டதும் முள் பச்சையாகத் தெரிந்தது. நஞ்சு மீன் என்று பயந்து எல்லாவற்றையும் வீசினோம். அது பிழை என்று பிறகுதான் அறிந்தேன்.

முரல் என்ற ஒரே பெயரில் இரண்டு குடும்ப மீன்கள் எங்கள் வீட்டுக்கு வருகின்றன. ஒன்றில் கீழ்த்தாடை மட்டும் அலகுபோல் நீண்டிருக்கும். மேல்தாடை சிறு முக்கோணம். இதை அரையலகு முரல் எனலாம். மற்றதில் இரு தாடைகளும் நீண்டு, கூரிய பற்கள் நிறைந்திருக்கும். அதை ஊசி முரல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் முதுகுச் செட்டை வாலுக்கு அருகில் இருப்பதால் உடலைப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. ஊசி முரலின் குஞ்சிலும் கீழ்த்தாடையே முதலில் நீளும். அந்தப் பருவத்தில் அது அரையலகு முரலைப் போலவே ஏமாற்றும்!

பச்சை முள் ஊசி முரலுக்குரியது. பிலிவேடின் என்ற நிறப்பொருளே காரணம். நமது உடலில் ஈமோகுளோபின் சிதையும்போதும் இது உண்டாகிறது; அடிபட்டுக் கன்றிய இடம் சில நாளில் பச்சையாவது இதனால்தான். முள்ளின் இந்த நிறத்தால் உண்பவருக்குத் தீங்கில்லை. மீன் பழுதா என்று அறிய, செவுளுக்குள் இருக்கும் பூவின் நிறத்தையும் கண்ணையும் மணத்தையும்தான் பார்க்க வேண்டும்.

அரையலகு முரல்களில் ஹெமிராம்பஸ் ஃபார் என்பதை அடையாளம் காண்பது எளிது. வெள்ளி விலாவில் கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். 45 சென்ரிமீற்றர் வரை வளரும். கரையோரத்தில் கடற்புல் அடர்ந்த இடங்களில் கூட்டமாகத் திரிந்து, பெரும்பாலும் அந்தப் புல்லையே தின்னும். அலகு நீண்ட மீன் என்றால் வேட்டையாடும் என்றல்லவா நினைப்போம்? வேட்டைக்காரன் ஊசி முரல். சிறு மீன்களே அதன் இரை. அரையலகு முரல்களின் முட்டைகளில் ஒட்டும் இழைகள் உண்டு. அவற்றால் நீரிலுள்ள தாவரங்களைப் பற்றிக்கொள்ளும். ஆகவே புத்தளம் களப்பு போன்ற இடங்களில் கடற்புல் அழிந்தால், இந்த மீனுக்கு உணவும் போகும், முட்டையிடும் இடமும் போகும்.

பெருநாள் கழிந்து வாப்பா மறுபடியும் ஊசி முரல் வாங்கி வந்தார். வாயைத் திறந்து பற்களைக் காட்டி, முள் பச்சையாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். உம்மா பொரித்தார், நாங்கள் சாப்பிட்டோம். மூத்தம்மா மட்டும் பருப்பாணத்தோடு எழுந்துவிட்டார்.