பிரசாவுரிமையை நிறுவும் ஆவணங்கள்

பரீட்சை மண்டபத்தில் தேசிய அடையாள அட்டையைக் காட்டும்போது நீங்கள் யார் என்பது உறுதியாகின்றது. நீங்கள் இலங்கைப் பிரசை என்பதை நிறுவுவது எது? மாணவர் பலர் இவ்வினாவுக்கு "பிறப்புச் சான்றிதழ்" என்று மட்டும் எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர்.

பிறப்புச் சான்றிதழ் ஒருவர் எங்கு, எப்போது, யாருக்குப் பிறந்தார் என்பதையே காட்டும். இலங்கையில் பிறந்தமை மட்டும் பிரசாவுரிமையைத் தராது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவளி, பதிவு என்னும் இரு வழிகளையே ஏற்றது. பதிவுப் பிரசைக்குச் சான்றிதழ் உண்டு. வம்சாவளிப் பிரசையோ தமது பிறப்புச் சான்றிதழுடன் பெற்றோரின் பிரசாவுரிமையையும் காட்ட வேண்டும். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரை இங்கு "பெற்றோர்" என்பது பொதுவாகத் தந்தையையே குறித்தது; தற்போது தாய் அல்லது தந்தை பிரசையாயிருப்பின் போதும். அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் பிரசைகளுக்கே வழங்கப்படுகின்றன. ஆயினும் அவை பிரசாவுரிமையை உருவாக்குவதில்லை என்பதைக் கவனிக்க.

இச்சட்டத்தின் தாக்கத்தை மலையகத்திலேயே தெளிவாகக் காணலாம். 1948 நவம்பர் 15க்கு முன் இங்கு பிறந்தவர், தமது தந்தை இலங்கையில் பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனர் என்றோ நிறுவ வேண்டியிருந்தது. லயன் அறையில் பிறந்த பாட்டனின் பிறப்பு பதியப்படாதிருந்தால் பேரன் எதைக் காட்டுவார்? (அன்று கிராமங்களிலும் பலரிடம் இத்தகைய பத்திரம் இருக்கவில்லை, ஆனால் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.) 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் 1946 சனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டுகள், ஏனையோர் 10 ஆண்டுகள் இடையறாது வதிந்தமைக்குச் சான்று கேட்டது. இவ்வாறு பல இலட்சம் தொழிலாளர் நாடற்றோராயினர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சிய பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தீர்வு தந்தது.

மாதிரி வினா: இந்திய வம்சாவளியினரான ஒருவர் 1950இல் அட்டனில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழ் உண்டு, தந்தை பிரசையல்லர். அவர் பிறப்பால் இலங்கைப் பிரசையா?

விடை: இல்லை. அவர் நாடற்றவராகவே இருந்து, 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்திருந்தால், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தமது 53ஆவது வயதளவில் பிரசையாவார்.