தீபத் திருவிழா மாதங்களில் சளியும் ஃப்ளூவும்

கேள்வி: கார்த்திகை, மார்கழியில் திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் சளி, காய்ச்சல் பெருகுவதற்கு மழையும் பனியும்தான் காரணமா?

பதில்: இரண்டு நோய்களுக்கும் காரணம் வைரஸ். சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல். அவற்றில் முதலிடம் ரைனோ வைரஸுக்கு. ஃப்ளூ, இன்ஃப்ளூயன்சா ஏ, பி வகை வைரஸ்களால் வருவது. மழையில் நனைவதால் இவை உடலில் உருவாவதில்லை. இருமல், தும்மல், மூச்சுக்காற்று, கைகள் வழியாகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகின்றன.

ஆனால் காலம் ஒத்துப்போகிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஃப்ளூ கூடுதலாகக் காணப்படுகிறது. தீபத்துக்குத் திரளும் கூட்டமும், மார்கழியில் ரமண ஜயந்திக்கு வருவோரும் அதே மாதங்களில்தான் ஊரை நிறைக்கிறார்கள். ஐரோப்பா, அமெரிக்காவில் ஃப்ளூ பரவும் குளிர்காலமும் அதுவே. அங்கிருந்து ஆசிரமத்துக்கு வருவோரும் அப்போதுதான் அதிகம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் திறந்தவெளியைவிட, நெரிசலான பேருந்திலும் ஜன்னல் சாத்திய விடுதி அறையிலும் தொற்று எளிதாகப் பரவும்.

கேள்வி: சளியா, ஃப்ளூவா, டெங்குவா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: சளி மெதுவாகத் தொடங்கும். தொண்டைக் கரகரப்பு, தும்மல், மூக்கொழுகல் இருக்கும். பெரியவர்களுக்குக் காய்ச்சல் இருக்காது, இருந்தாலும் லேசாகவே இருக்கும். 7 முதல் 10 நாளில் சரியாகும். ஃப்ளூ திடீரென்று தாக்கும்: கடும் காய்ச்சல், குளிர்நடுக்கம், உடல்வலி, எழ முடியாத அசதி.

டெங்குவும் இதே மழைக்காலத்து நோய். அதில் கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி, தோலில் தடிப்பு வரலாம். மூக்கொழுகலும் இருமலும் பெரும்பாலும் முக்கிய அறிகுறிகளாக இருப்பதில்லை. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் டெங்குவின் ஆபத்து கூடுகிறது. உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை தேவை. டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே ஏற்றது. ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும்.

கேள்வி: வராமல் தடுக்க என்ன வழி?

பதில்: ஃப்ளூவுக்குத் தடுப்பூசி உண்டு, சாதாரணச் சளிக்கு இல்லை. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், புரட்டாசி முடிவதற்குள் போட்டுக்கொண்டால் தீபக் கூட்டத்துக்கு முன் பாதுகாப்பு கிடைத்துவிடும். முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைகளுக்கு 6 மாதம் முடிந்தபின் போடலாம்.

வெளியே சென்று திரும்பியதும் சோப்பால் 20 விநாடி கை கழுவுதல், கழுவாத கையால் கண், மூக்கைத் தொடாதிருத்தல், நெரிசலில் முகக்கவசம், அறைக்குள் காற்றோட்டம் ஆகியவை இரண்டுக்கும் பொது. ஃப்ளூ கண்டவரிடமிருந்து, அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே தொடங்கி 5 முதல் 7 நாள் வரை தொற்று பரவும். எனவே, மாத்திரை இல்லாமலே காய்ச்சலின்றி 24 மணி நேரம் கடக்கும்வரை அவர் தியான மண்டபம், பந்தி, பள்ளிக்கூடம் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: வந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: ஓய்வும் நீராகாரமும்தான் முதல் மருந்து. கஞ்சி, ரசம், வெந்நீர் போதும். உப்புநீரில் கொப்பளித்தால் தொண்டைவலி தணியும். சுக்கு, மிளகு, துளசிக் கஷாயம் தொண்டைக்கு இதம் தரும்; வைரஸை அழிக்காது. ஆவி பிடிப்பது மூக்கடைப்பைச் சற்று நேரம் குறைக்கலாம், ஆனால் கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் அபாயம் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரக் கூடாது.

ஆன்டிபயாடிக் வைரஸிடம் பலிக்காது. 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ நாடெங்கும் பரவியபோது, தேவையில்லாமல் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று இந்திய மருத்துவச் சங்கம் அறிவுறுத்தியது. ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரையை மருத்துவர் சீட்டின்பேரில், அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் எடுத்தால் பலன் அதிகம்.

கேள்வி: எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பதில்: மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், உதடு நீலம்பாரித்தல், ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ரத்தக்கசிவு, குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே போக வேண்டும். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலையும், விட்டுத் திரும்ப வரும் காய்ச்சலையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108.