சிந்தசைசர்: உறுப்புகளும் புணர்ப்பும்

சிந்தசைசர் என்றவுடன் இன்னிசைக் கச்சேரி மேடைகளில் காணும் வெள்ளைக் கறுப்புக் கட்டைகள் கொண்ட கருவியே நம் மாணவர் கண்முன் தோன்றும். அஃது இக்குடும்பத்தின் இளைய பிள்ளை. அதன் மூத்தோர் முகப்பெங்கும் துளைகளும் திருகுகளுமாய், பழைய தொலைபேசி இணைப்பகம் போல வடங்கள் தொங்க, அலமாரி அளவினவாய் நின்ற பெட்டிகள். அவற்றுட் சிலவற்றில் கட்டைகளே இல்லை. கட்டை சேர்ந்ததனால் இக்கருவி பெற்றது யாது, இழந்தது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இசை ஆகுமானதா என்பது பற்றி மார்க்க அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாட்டினுள் இது புகவில்லை. ஒலி உருவாகும் முறையே ஈண்டுப் பேசப்படுகிறது.

ஒலியின் பிறப்பு

தமிழ் மாணவர்க்கு இக்கருவியை விளக்கத் தொல்காப்பியப் பிறப்பியலே போதுமானது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாக வெளிப்படுகிறது என்பது ஆசிரியர் கருத்து. மூலம் ஒன்று, அதனை வேறுபடுத்தும் இடங்கள் பல.

சிந்தசைசரில் மூச்சுக்கு ஈடாக நிற்பது அலையியற்றி. அது தரும் ரம்பப்பல் வடிவ அலையில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என எல்லா மேற்சுரங்களும் அடங்கியுள்ளன. சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே உண்டு. ஆதலின் அதன் ஒலி உள்ளீடற்றதாய்க் கேட்கிறது. வாய்க்கு ஈடாக நிற்பது வடிப்பான். அது சில மேற்சுரங்களைத் தடுத்துச் சிலவற்றை விடுக்கிறது. ஓசையின் ஏற்றத்தாழ்வை ஆள்வது பெருக்கி. இவை ஒவ்வொன்றும் தனித்தனி அலகுகளாகச் செய்யப்பட்டு, இசைப்பவரே வடங்களால் இணைத்துக்கொள்ளுமாறு விடப்பட்டிருப்பின் அக்கருவி மாடுலர் சிந்தசைசர் எனப்படும்.

இதன் உயிர்நிலை ஒரு சிறு கருத்தில் உள்ளது. ஒலியாகச் செல்வதும் மின்னழுத்தம். அவ்வொலியை ஆளும் கட்டளையும் மின்னழுத்தமே. ஓர் அலையியற்றியை நொடிக்கு ஆறு முறை மட்டும் அதிரச் செய்து, அதன் வெளியீட்டை மற்றோர் அலையியற்றியின் சுருதியை ஆளும் துளையில் செருகினால், பாடகர் குரலில் கேட்கும் நடுக்கம் தோன்றும். வடத்தை மாற்றாமலே முதல் அலையியற்றியின் வேகத்தை நொடிக்குச் சில நூறாக உயர்த்தினால் நடுக்கம் மறைந்து, மணியோசை ஒத்த புதிய ஒலி பிறக்கும். ஏவுவது, ஏவப்படுவது என்னும் பாகுபாடு உறுப்பில் இல்லை, இணைப்பில் உள்ளது. நிலைமொழியும் வருமொழியும் கூடுமிடத்தில் தோன்றலும் திரிதலும் நிகழ்வதை இலக்கண வகுப்பில் கண்டவர்க்கு இது வியப்பளிக்காது. ஆயினும் பகுபத உறுப்புகள்போல் இவற்றுக்கு வரிசைக் கட்டுப்பாடு இல்லை.

இருவர், இரு நெறி

அமெரிக்க நாட்டில் ஒருவரையொருவர் சாராமல் ஏறத்தாழ ஒரே காலத்தில் இருவர் இக்கருவியை உருவாக்கினர். நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் மூக் 1964ஆம் ஆண்டு, இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து முதல் மாதிரியை அமைத்தார். ஒரு வோல்ட்டு கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும் என்பது அவர் கைக்கொண்ட அளவை. 440 அதிர்வுடைய சுரம் ஒரு வோல்ட்டு ஏற 880 ஆகும். பியானோவின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட வேறுபாடு ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மூக் தம் கருவியோடு கட்டைப் பலகையையும் சேர்த்தார்.

சான் பிரான்சிஸ்கோவில் டான் பூக்ளா, மோர்ட்டன் சபாட்னிக், ரமோன் செண்டர் ஆகியோர் விருப்பத்திற்கேற்ப அமைத்த கருவியில் அத்தகைய கட்டைப் பலகை இல்லை. விரல் தொட்டால் மின்னழுத்தம் தரும் உலோகத் தகடுகளே இருந்தன. பழைய பலகையைக் கண்ட கை பழைய இசையையே வாசிக்கும் என்பது அவர் கொள்கை. முன்கூட்டிக் குறித்த மின்னழுத்தங்களை எட்டாகவும் பதினாறாகவும் வரிசைப்பட வெளியிடும் உறுப்பையும் அவர் சேர்த்தார். (9ஆம் நூற்றாண்டுப் பக்தாதில் பனூ மூஸா உடன்பிறந்தார் மூவர், முளைகள் பதித்த உருளையால் தானே இசைக்கும் குழற்கருவியை விவரித்துள்ளனர். முன்பே குறித்த வரிசையைக் கருவி தானே நிகழ்த்துவது என்னும் எண்ணம் அங்கேயே உள்ளது.) சபாட்னிக் பூக்ளா கருவியில் அமைத்த ‘சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் தி மூன்’ 1967இல் இசைத்தட்டாக வெளிவந்தது.

சந்தையில் வென்றது மூக்கின் நெறி. 1968இல் வெண்டி கார்லோஸ் வெளியிட்ட ‘ஸ்விட்ச்டு ஆன் பாக்’ பெரும் வரவேற்புப் பெற்றது. அக்கருவி ஒரு வேளையில் ஒரு சுரமே ஒலிக்கும். ஆகவே பாக்கின் பல குரல் இசையை ஒவ்வோர் இழையாக நாடாவில் பதிந்து சேர்த்தனர். அவ்வுழைப்பு போற்றத்தக்கதே. எனினும் உலகம் அதிலிருந்து கற்றது, சிந்தசைசர் என்பது புதுவகைப் பியானோ என்னும் பாடத்தைத்தான். 1970இல் வந்த மினிமூக்கில் உறுப்புகள் உள்ளேயே இணைக்கப்பட்டன, வடங்கள் மறைந்தன, கட்டைப் பலகை நிலைபெற்றது.

பன்னிரண்டின் எல்லை

இதனால் இழப்பு யாருக்கு? அரபு இசையில் ராஸ்த் என்னும் மகாமின் மூன்றாம் சுரம், பியானோவின் இரு கட்டைகளுக்கு இடையே நிற்பது. முதற்சுரத்திலிருந்து மூன்று அரைச்சுரம் ஏறினால் 0.25 வோல்ட்டு, நான்கு ஏறினால் 0.333. ராஸ்த் வேண்டுவது ஏறத்தாழ 0.29. மின்சுற்றுக்கு இதனைத் தருவதில் எவ்விடரும் இல்லை. வழக்கமான கட்டைப் பலகைக்கே அங்கு இடம் இல்லை. நம் இசையின் கமகமும் அத்தகையதே. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடைப்பட்ட வழியையே இசையாகக் கொள்வோர்க்குப் படிக்கட்டால் பயன் குறைவு.

மின்னணு இசை மேலைநாட்டார்க்கே உரியது என்ற எண்ணமும் திருத்தத்திற்குரியது. கெய்ரோவில் பிறந்த ஹலீம் அல்தப், 1944இல் எஃகுக் கம்பியில் ஒலி பதியும் கருவியைக் கொண்டு, ஸார் என்னும் ஆவி தணிக்கும் சடங்கின் பாடலைப் பதிந்தார். வானொலி நிலைய அறையில் அதனை எதிரொலிக்கச் செய்து, அடிப்படை ஒலிகளைக் குறைத்து மேற்சுரங்களை மேலெழச் செய்தார். பாரிசில் பியர் ஷாஃபர் இத்தகைய ஆக்கங்களை வெளியிட்டது 1948இல். அல்தப் பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தில் பணியாற்றி, லைலா மஜ்னூன் கதையைத் தழுவி ‘லைலாவும் கவிஞனும்’ என்னும் படைப்பை அளித்தார். அது 1964இல் இசைத்தட்டில் இடம்பெற்றது.

இந்தியாவிற்கும் மூக்கின் வடப்பெட்டி வந்தது. 1969இல் டேவிட் டியூடர் அதனை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரையில் அங்கே பதிவுகள் செய்தனர். அந்நாடாக்கள் பல்லாண்டு ஆவணக் காப்பகத்தில் உறங்கின. 2017இல் பால் பர்கஸ் என்னும் ஒலிக்கலைஞர் அவற்றை வெளிக்கொணர, 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தன. அரை நூற்றாண்டுக் காலம் இப்பெயர்களை எந்த இசைப் பாடநூலும் நமக்குச் சொல்லவில்லை.

1983இல் யமாஹா டிஎக்ஸ்7 கருவியும், கருவிகள் தம்முள் செய்தி பரிமாறும் மிடி விதியும் வந்தபின் பழைய பெட்டிகள் மதிப்பிழந்தன. மிடி ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் தருவது. ஆகவே கட்டையின் ஆட்சி விதியின் உள்ளேயும் புகுந்தது. 1990களின் நடுப்பகுதியில் ஜெர்மானியரான டீட்டர் டோப்ஃபர் 128.5 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு அலகுகளை விற்கத் தொடங்கினார். அவ்வளவையே பிறரும் பின்பற்ற, இன்று பல நிறுவனங்களின் உறுப்புகள் ஒரே சட்டத்தில் பொருந்துகின்றன. கால்சுரங்களைத் துல்லியமாகத் தரும் அலகுகளும் அவற்றுள் உண்டு. விலைதான் ஏழை மாணவர்க்கு எட்டாதது.

கல்லூரியில் கணினி உண்டு. விசிவி ராக் என்னும் மென்பொருளின் கட்டணமில்லாப் பதிப்பில் இவ்வுறுப்புகள் அனைத்தும் திரையில் கிடைக்கின்றன. பிறப்பியல் படிக்கும் மாணவர் ஒரு ரம்பப்பல் அலையைக் குரல் அளவுக்குத் தாழ்த்தி, குறித்த பகுதியை மட்டும் விடுக்கும் இரு வடிப்பான்களுக்குத் தனித்தனியே செலுத்தி, அவற்றின் வெளியீட்டைக் கலந்து கேட்கலாம். ஒன்றை 700 அளவிலும் மற்றதை 1200 அளவிலும் நிறுத்தினால் ஆகாரம் போன்ற ஒலி எழும். முதலாவதை 300க்கு இறக்கி இரண்டாவதை 2300க்கு ஏற்றினால் அவ்வொலி ஈகாரத்தை நோக்கித் திரியும். அங்காத்தலும், அண்பல்லை நாவின் விளிம்பு பொருந்தலும் ஒலியில் செய்யும் மாற்றத்தைச் செவியால் அறிய அரைமணி நேரம் போதும்.