மூச்சின் வழி காக்கும் குழாய்கள்



நம் சங்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அநேகர். குடலிறக்கம், பித்தப்பைக் கல், மூலம், முழங்கால் வலி என்று ஏதேனும் ஒரு காரணத்தால் ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டிய நாள் நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. இன்னும் சிலருக்கு வரவிருக்கிறது. செமினியிலிருந்து காஜாங் ஆஸ்பத்திரிக்கோ கோலாலம்பூருக்கோ புறப்படும்போது, வீட்டார் கத்தியைவிட அதிகமாக அஞ்சுவது ஒரு சொல்லுக்குத்தான். "தொண்டையில் டியூப் போடுவார்களாம்" என்பதே அது. 2020, 2021-ஆம் வருஷங்களில் கோவிட் நோய் பரவிய காலத்தில் இதைக் கேட்டுக் கேட்டு, டியூப் என்றாலே மையித்துக்கு முந்திய படி என்று நம்மவர் மனத்தில் பதிந்துவிட்டது.

அந்த எண்ணம் சரியன்று. நோய் உயிரைக் குடிக்கலாம், குழாய் குடிப்பதில்லை. அது மூச்சு போய்வரும் வழியைத் திறந்து வைக்கும் காவல் மட்டுமே. அதன் வேலையை விளங்கிக்கொண்டால் பாதி அச்சம் நீங்கும். மீதிப் பாதி நம் வாயில் இருக்கிறது. டாக்டரிடம் மறைக்காமல் பேசுவதில் இருக்கிறது.

வழி ஏன் அடைபடுகிறது?

நம் தொண்டையில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. முன்னால் மூச்சுக்குழல்; அதன் பின்னால் உணவுக்குழல். நாம் விழுங்கும்போது குரல்வளையின் மேலுள்ள சிறு மூடி கவிழ்ந்து, சோறு மூச்சின் பாதையில் போகாமல் தடுக்கிறது. ஒரு பருக்கை தவறிவிட்டாலும் புரையேறி, இருமித் தள்ளிவிடுகிறோம்.

மயக்க மருந்து உள்ளே சென்றதும் இந்தக் காவல் நின்றுபோகிறது. தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, தொண்டையை அடைக்கிறது. வயிற்றில் உள்ளது மேலே ஏறி வந்தாலும் இருமல் வராது. காவற்காரன் உறங்கிவிட்ட கிட்டங்கியைப் போல உள் வழி திறந்து கிடக்கிறது. காற்று போகாவிட்டால் சில நிமிஷங்களிலேயே மூளை கெடத் தொடங்கும். ஆகவே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரின் முதல் கடமை மூச்சின் வழியைக் காப்பதாகும்.

இதற்கு முதல் கருவி டாக்டரின் கைதான். தலையைப் பின்னால் சாய்த்து மோவாயை உயர்த்தினால், சரிந்த நாக்கு முன்னால் வந்துவிடும். அது போதாதபோது, வளைந்த சிறு குழாய் ஒன்றை நாக்கின் மேல் வைப்பார்கள். அமெரிக்க டாக்டர் ஆர்தர் கூடெல் என்பவர் 1933-ல் வெளியிட்ட அமைப்பு இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வாயோரத்திலிருந்து தாடையின் மூலை வரை அளந்து, அதற்கேற்ற அளவை எடுப்பார்கள்.

ரப்பர் குழாயின் கதை

மூச்சுக்குக் குழாய் வைக்கும் யோசனை பழமையானது. ஹக்கீம் இப்னு சீனா அவர்கள் 1025-ஆம் வருஷத்தையொட்டி நிறைவு செய்த 'கானூன்' என்னும் வைத்திய நூலில், மூச்சுத் திணறும்போது பொன் அல்லது வெள்ளியினாலான குழாயைத் தொண்டையில் செலுத்துவதைப் பற்றிக் கூறியிருக்கிறார்கள்.

ஆபரேஷனுக்காக வாய் வழியே மூச்சுக்குழலில் குழாய் செலுத்தி மயக்கம் கொடுத்தவர் ஸ்காட்லாந்து டாக்டர் வில்லியம் மெக்வன். அவர் 1878-ல் கிளாஸ்கோ நகரில் இதைச் செய்தார். அதற்கு முன் இப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கழுத்தை அறுத்தே வழி செய்வார்கள்.

முதல் உலக யுத்தம் முடிந்தபோது, முகம் சிதைந்த சிப்பாய்கள் பலர் இங்கிலாந்தின் சிட்கப் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முகத்திலேயே ஆபரேஷன் செய்யும்போது, முகத்தை மூடி மயக்கம் கொடுப்பது எப்படி? ஐவன் மகில் என்ற டாக்டரும் அவருடைய தோழர் ரோபோதமும் ரப்பர் குழாயை மூச்சுக்குழலுக்குள் செலுத்தி, அதன் வழியே மயக்க வாயுவை அனுப்பினார்கள். இன்றைய குழாய்க்கு அதுவே மூலம்.

ரப்பர் என்றதும் நம் ஊர் நினைவு வருவது இயல்பே. காஜாங்கின் இன்ச் கென்னத் தோட்டத்தில் 1890-களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். பிறகு காஜாங், செமினி, புரோகா எங்கும் கித்தாத் தோட்டங்கள் பரவின. மகில் குழாய் வெட்டிய காலத்தில் உலகத்து ரப்பரில் பெரும் பங்கு மலாயாவிலிருந்துதான் கப்பலேறியது. நம் தமிழ் மக்கள் விடியுமுன் சீவி எடுத்த பால் அது. அந்தத் தோட்டத்து மக்களுக்கு அரிசியும் கருவாடும் விற்றுத்தான் நம் முன்னோரின் கடைகள் வளர்ந்தன. இக்காலத்துக் குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கினாலும் சிலிக்கோனினாலும் ஆனவை. ரப்பர் பால் சிலருக்கு ஒவ்வாது என்பது அதற்கு ஒரு காரணம். ஆனாலும் நாட்டின் தொடர்பு விட்டுப்போகவில்லை. தைப்பிங் அருகே கமுண்டிங்கில் டெலிஃப்ளெக்ஸ் என்ற கம்பெனி மருத்துவக் குழாய்த் தொழிற்சாலை நடத்தி வந்திருக்கிறது.

குழாயை உள்ளே வைத்துவிட்டால் போதாது. சுற்றிலும் இடைவெளி இருந்தால் அழுக்கு நீர் கசியும். ஆகவே நுனியில் சிறு பலூன் ஒன்றை அமைத்து, உள்ளே சென்றபின் காற்று ஊதி அடைத்துவிடுகிறார்கள். கூடெலும் வாட்டர்ஸ் என்பவரும் 1928-ல் இதை வெளியிட்டார்கள். இப்பலூன் உள்ள குழாயே, வயிற்றிலிருந்து ஏறி வருவதைத் தடுப்பதில் மற்றெல்லாவற்றையும்விட உறுதியானது.

குழாய் தவறி உணவுக்குழலில் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு உண்டு. வயிற்றிலிருந்து அது தொடர்ந்து வராது. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் அந்த வாயுவை அளந்து திரையில் காட்டும் கருவியைக் குழாயோடு இணைக்கிறார்கள். தராசில் முள் நிற்பதைப் பார்த்த பிறகே நாம் சரக்கைக் கட்டுவது போன்றது இது.

குரல்வளை மேல் அமரும் கவசம்

லண்டன் டாக்டர் ஆர்ச்சி பிரெயின் என்பவர் 1981-ல் வேறொரு விதமாய்ச் சிந்தித்தார். குழாயை மூச்சுக்குழலுக்குள்ளேயே செலுத்த வேண்டுமா? குரல்வளையின் வாயிலை ஒரு சிறு கவசம் மூடி நின்றால் போதாதா? பல் வைத்தியத்தில் மூக்கின்மேல் வைக்கும் முகமூடியின் ரப்பர் வளையத்தை ஒரு குழாயோடு ஒட்டி முதல் மாதிரியைச் செய்தார். 1983-ல் அதை வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். 1988-ல் அது விற்பனைக்கு வந்தது. புனலைப் போத்தலின் வாயில் பொருத்துவது போல, இக்கவசம் தொண்டையில் சென்று அமருகிறது. வைப்பது சுலபம், தொண்டையை உறுத்துவதும் குறைவு. ஆனால் வயிற்றிலிருந்து ஏறி வருவதைப் பலூன் குழாயைப் போல் அடைத்து நிறுத்தாது.

பின்னர் முஹம்மது அஸ்லம் நாஸிர் என்ற பிரிட்டிஷ் டாக்டர், காற்று ஊத வேண்டாத மெதுவான கவசம் ஒன்றை அமைத்தார். ஐ-ஜெல் என்ற பெயரில் அது 2007-ல் வெளிவந்தது. இங்கிலாந்தில், ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றுபோன 9,296 பேரிடம் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஐ-ஜெல்லையும் மூச்சுக்குழல் குழாயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. நல்ல நிலையில் பிழைத்தவர்கள் குழாய்க்கு நூற்றுக்கு 6.8, ஐ-ஜெல்லுக்கு 6.4. பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆகவே எது உயர்ந்த சரக்கு என்று பார்ப்பதைவிட, இந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதே முறை. அதைத் தீர்மானிப்பவர் டாக்டர். தீர்மானிக்க வேண்டிய விவரத்தைக் கொடுப்பவர் நாம்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

முதலாவது, வயிற்றில் உள்ளது. பொதுவாக ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பே உணவை நிறுத்தச் சொல்வார்கள். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம் என்பார்கள். உங்கள் ஆஸ்பத்திரி சொல்லும் நேரமே உங்களுக்குச் சட்டம். நம்மவர் தவறுவது தேத்தண்ணீரில்தான். பால் சேர்ந்த தே தாரேக் தண்ணீர்க் கணக்கில் வராது. அது உணவுக் கணக்கு. "பாவம், வாப்பா வெறும் வயிற்றோடு இருக்கிறார்" என்று இரக்கப்பட்டு, நர்ஸ் அப்பால் போனதும் மைலோ கொடுக்கும் பிள்ளைகளைக் காண்கிறோம். இது இரக்கமன்று. நோன்பில் மறந்து உண்டால் நோன்பு முறியாது. ஆபரேஷன் மேஜையில் மறந்து உண்டதும் உண்டதே. அது நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. உண்டுவிட்டால் சொல்லிவிடுங்கள். அவசரமில்லாத ஆபரேஷனை ஒத்தி வைப்பார்கள். அவசரமென்றால் கவசத்தை விட்டுப் பலூன் குழாயை எடுப்பார்கள்.

இரண்டாவது, வெற்றிலை பாக்கு. நெடுங்காலம் பாக்கு மென்றவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்சதை இறுகி, வாய் திறப்பது குறைந்துவிடுகிறது. உங்கள் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கி மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் டாக்டரிடம் சொல்வது அவசியம். முன்னதாகத் தெரிந்தால் வேறு கருவியோடு ஆயத்தமாக இருப்பார்.

மூன்றாவது, பல். ஆடும் பல், கட்டிய பல், கழற்றும் பல் எதுவாயினும் சொல்லுங்கள். ஆடும் பல் கழன்று மூச்சுக்குழலில் விழுந்துவிடக்கூடும்.

நான்காவது, உடம்பின் வாகு. அடர்ந்த தாடியின் மேல் முகமூடி காற்றுப் புகாமல் அமர்வது கடினம். இதற்காகத் தாடியை எடுக்க வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. டாக்டர் முன்னதாகப் பார்த்துக்கொண்டால் வேறு வழி செய்வார். உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நிற்பது, திரும்பாத கழுத்து ஆகியவற்றையும் கூறுங்கள். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். கவசத்தின் அளவு எடையைப் பார்த்து எடுப்பது: 30 முதல் 50 கிலோவுக்கு 3-ஆம் எண், 50 முதல் 70 வரை 4-ஆம் எண், 70 முதல் 100 வரை 5-ஆம் எண். முன்பு ஒருமுறை "உங்களுக்குக் குழாய் வைப்பது கஷ்டமாயிருந்தது" என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், அக்காகிதத்தைக் கடைப் பட்டாவைப் போல் பத்திரப்படுத்துங்கள்.

கடையில் ஒருவர் விழுந்தால்

கருவி வைப்பது பயிற்சி பெற்றவர் வேலை. நம் வேலை வேறு. விழுந்தவர் நினைவின்றி, ஆனால் சரியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குத் தலையணை வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வலிப்பென்று சாவியையோ கரண்டியையோ பற்களுக்கிடையே திணிக்க வேண்டாம். உடனே 999-க்குப் பேசுங்கள். மூச்சே இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சின் நடுவே நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்துங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஓரிரு நாள் தொண்டை கரகரக்கும். அது குழாய் இருந்த அடையாளம், பெரும்பாலும் தானே ஆறிவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் குழாய் இருக்க நேர்ந்தாலும், நுரையீரல் தேறியதும் எடுத்துவிடுவார்கள். ஆகவே டியூப் என்ற சொல்லைக் கேட்டதும் அழுது, கையெழுத்துப் போட மறுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். எதற்கு வைக்கிறீர்கள், எப்போது எடுப்பீர்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். மேலே சொன்ன நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஆஸ்பத்திரிக்குப் போகும் பையில் அடையாள அட்டையோடு வைத்துவிடுங்கள்.